நாதாங்கி வைத்த அடை

வெள்ளாங்கரிசலில் இரும்பு வைக்காமல் யாரும் அடை வைப்பதில்லை. ஓலைப்பெட்டியில் பாதிக்குத் தவிடு கொட்டி, தவிட்டின் மேல் பழைய சேலைத்துணி விரித்து, ஒற்றைப்படையில் முட்டை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் மூன்று மிளகாய் வத்தலும் ஒரு துண்டு இரும்பும் செருகிவிட்டு, அப்புறம்தான் கோழியைத் தூக்கி மேலே உட்கார வைப்பார்கள், ஏனென்றால் ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கரிசல் காட்டில் விழுகிற இடி கூரையைத் தொடாமல் போனாலும் முட்டைக்குள் இருக்கிற உயிரைத் தொட்டுவிடும், இருபத்தோரு நாள் கழித்துப் பார்த்தால் அத்தனையும் கூமுட்டையாக நாறும், இரும்பு இருந்தால் இடி அதோடு அடங்கிவிடும். கரண்டியோ ஆணியோ உடைந்த பூட்டோ எதுவாக இருந்தாலும் சரி, அது அந்த வீட்டு இரும்பாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டு இரும்பை யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

முப்பிடாதிக்கு அடை வைப்பதில் ராசியான கை என்று பேர். காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவளை வழியில் நாலு வீட்டில் நிறுத்தி, "ஏ முப்பிடாதி, இந்தச் சாம்பக்கோழி ரெண்டு நாளா தலையத் தொங்கப் போட்டிருக்கு, ஒரு எட்டு பாத்துட்டுப் போ" என்பார்கள். அவளும் சளைக்காமல் கோழியைக் கக்கத்தில் இடுக்கி, வாலைத் தூக்கிப் பார்த்து, வெள்ளையாகக் கழிந்திருந்தால் சின்ன வெங்காயமும் சீரகமும் தட்டிப் போடச் சொல்வாள், கொண்டையில் அம்மை பூத்திருந்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுவாள், சளி கட்டிக் கொர்ரென்று இழுத்தால் இறகில் எண்ணெய் தொட்டுத் தொண்டைக்குள் விட்டு எடுப்பாள், தேறாது என்று தெரிந்தால் ஒளிக்காமல் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். தெருவிலுள்ள கோழிக்கெல்லாம் நோய் பார்த்துச் சொன்னவள் கூடப்பிறந்தவளின் சேலைத் தலைப்பை விலக்கி ஒரு தரம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, அதுதான் இந்தக் கதை.

கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். அப்பன் ஆத்தாள் போன பிறகு முப்பிடாதிதான் தீக்குச்சி அடுக்கி இரண்டு பேரையும் ஆளாக்கினாள். கட்டிய புருஷன் வேலைக்கென்று கேரளாவுக்குப் போனவன், போனவன்தான். நடுவுள்ளவள் அன்னக்கொடியைக் கீழத்தெரு சுப்புக்காளைக்குக் கொடுத்திருந்தது. சின்னவள் மாரிக்கனிக்குப் பத்தொன்பது வயது. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், துவைகல்லுக்குப் பக்கத்தில் ஈரக்கல்லில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி, அன்னக்கொடியை வாசலில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டியது முப்பிடாதி. இடது காதுக்கு மேலே மண்டை உள்வாங்கி, அந்தப் பள்ளம் அரை நிலா மாதிரி வளைந்திருந்தது. கல் எப்படி இப்படி வளைவாகக் குத்தும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த நினைப்பின் மேல் அவளே ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று தாய்மாமன் சங்கிலி, வெற்றிலையை மென்றுகொண்டே, உறவு விட்டுப்போகக் கூடாது, சின்னவளை அதே வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம், தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்பன் இல்லாத வீட்டில் தாய்மாமன் சொன்னதுதான் சட்டம். எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ முறை தன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

அன்னக்கொடியின் சாமான்களை எடுக்கப் போனபோது ஒரு பித்தளைக் குடமும் இரண்டு சேலையும் இருந்தன, புறவாசலில் அவள் வளர்த்த செவலைக்கோழி பதினொரு முட்டையின் மேல் படுத்துக்கொண்டு கிட்டே போனவர்களையெல்லாம் கொத்தியது. தண்ணீர், குருணை வைக்க ஆளில்லை. அதை அப்படியே பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தால் பெட்டியில் இரும்பைக் காணோம், மேற்கே வானம் உறுமத் தொடங்கிவிட்டது. முப்பிடாதி சுற்றுமுற்றும் தேடினாள். வெந்நீர் அடுப்புச் சாம்பலுக்குள் ஒரு பூண் கிடந்தது, உலக்கை நுனியில் மாட்டுகிற இரும்பு வளையம். நல்ல உலக்கையை எதற்கு அடுப்பில் வைத்து எரித்தார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தங்கச்சி கோழி, தங்கச்சி முட்டை, தங்கச்சி வீட்டு இரும்பு என்று நினைத்துச் சாம்பலைத் தட்டிவிட்டு அதை முட்டைக்கு நடுவில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வீட்டு இரும்பை வைக்கக் கூடாது என்கிற முறையை மீறியது அவ்வளவுதான்.

அடை வைத்து இருபத்தோராம் நாள், பெட்டியைத் தூக்கிவந்த ஐந்தாம் நாள் காலை, பதினொன்றும் பொரித்தன. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. பதினொரு குஞ்சுக்கும் இடது காதோரத்துக்கு மேலே மண்டை உள்வாங்கி, அரை நிலாவாக, பொருக்குத்தட்டிய ரத்தத்தோடு இருந்தது. அந்த மண்டையை வைத்துக்கொண்டு அவை ஓடின, குருணை கொத்தின, தாயின் முதுகில் ஏறின, சண்டை போட்டன. முப்பிடாதி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவினாள். ஏழாவது குஞ்சுக்குத் தடவும்போது அவள் விரல் அந்த வளைவை ஏற்கெனவே ஒரு முறை கழுவியிருக்கிறது என்பது விரலுக்கே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் கையை விட்டுப் பூணை எடுத்தாள். அதன் விளிம்பைக் குஞ்சின் தலைக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, அழக்கூடத் தோன்றாமல், குஞ்சைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக் குருவம்மா வந்து பார்த்துவிட்டு, "அம்மைதான் மதினி, தலையில எறங்கியிருக்கு" என்றாள். கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே எட்டிப் பார்த்து, வைட்டமின் குறைச்சல், தாய்க்கோழிக்குச் சத்து பத்தவில்லை என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அந்த வாரமே குருவம்மா வீட்டிலும் அடை பொரித்தது, ஒன்பது குஞ்சுக்கும் தொடையில் குறுக்குக் கோடாகச் சூடு போட்ட தழும்பு. அவள் வீட்டு இரும்பு தோசைத் திருப்பி. குருவம்மா குஞ்சுகளைப் பார்த்தாள், தன் முழங்காலுக்கு மேலே சேலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்து டீக்கடைக்காரர் வீட்டில் பூட்டு வைத்த அடையில் அத்தனை குஞ்சுக்கும் வலது காலில் ஒரு விரல் நசுங்கியிருந்தது. அவர் வீட்டு மருமகள் வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. கறிக்கடை இஸ்மாயில் வீட்டில் கத்தியையே வைத்திருந்தும் குஞ்சுகள் பளிச்சென்று வந்தன, அந்தக் கத்தி வெட்டியதெல்லாம் தொழிலுக்கு வெட்டியதுதான்.

ஏன் இந்த வருஷம், ஏன் இதற்கு முந்தி இல்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் அதற்குப் பதிலையும் தாங்களே சொல்ல வேண்டிவரும் என்கிற பயமாக இருக்கலாம். அதற்கு இரும்புச் சீக்கு என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தாகிவிட்டது, இனி அதற்கு ஒரு பயமும் இல்லை என்பது போல, குழாயடியில், "ஒங்க வீட்ல இரும்புச் சீக்கு எப்படி?" "எங்க வீட்ல கொஞ்சம், தோள்பட்டையில மட்டுந்தான்" என்று பேசிக்கொண்டார்கள். ஆண்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. ஒருவருக்கொருவர் தெரியாமல் கரண்டியையும் இடுக்கியையும் மாடு ஓட்டுகிற தார்க்குச்சியையும் ஊர்க்கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள், போடப் போன இடத்தில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு திரும்பினார்கள், ஒரு மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் துருவேறிச் சிவந்து, அதில் வடித்த சோறும் சிவப்பாக இருந்தது. அந்தச் சோற்றையும் தின்றார்கள்.

பெண்கள் எதையும் கிணற்றில் போடவில்லை. ஒவ்வொருத்தியாக, வீட்டில் மிச்சமிருக்கிற இரும்பை முந்தானையில் முடிந்துகொண்டு முப்பிடாதியிடம் வந்து, "எனக்கும் ஒரு அடை வச்சுக் குடு" என்று கேட்டார்கள்.

முப்பிடாதியின் மனம் ஒன்றிலும் இல்லை. ஒரே ஒரு கணக்குதான் அவள் மண்டைக்குள் ஓடியது: தை பிறக்க இன்னும் எத்தனை நாள், மாரிக்கனி அந்த வீட்டுப் படியை மிதிக்க இன்னும் எத்தனை நாள். கார்த்திகை பாதியில் பரிசம் போட மாமா வீட்டு முற்றத்தில் கூடினார்கள். தாம்பாளத்தில் தேங்காய் பழம், பட்டுச்சேலை, நடுவில் மாரிக்கனி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதி ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இறக்கி, பூணை எடுத்து வெற்றிலையின் மேல் வைத்தாள். செவலைக்கோழி இறங்கியது, பதினொரு குஞ்சும் இறங்கின.

"மாமா, இது அன்னக்கொடி வீட்டு உலக்கைப் பூணு. இதோட தலையப் பாருங்க. அவ தலையக் குளிப்பாட்டுனவ நான். கல்லுல விழல மாமா அவ."

சுப்புக்காளை மெதுவாக எழுந்தான். ஆள் பார்ப்பதற்கு லட்சணமாக இருப்பான், குரலை உயர்த்தமாட்டான், கோயில் கொடைக்கு முதல் ஆளாக வரி கொடுப்பான்.

"மதினிக்கு மனசு சரியில்ல மாமா. ஊரெல்லாம் இருக்கிற சீக்குதான இது. சீக்குக் குஞ்ச நல்ல காரியத்துக்குக் கொண்டாரலாமா" என்று சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி முதல் குஞ்சை மிதித்தான்.

நசுங்கிய சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அடுத்ததை மிதித்தான். அவசரமே இல்லை, வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற நிதானத்தோடு ஒவ்வொன்றாகத் தேடிப்போய் மிதித்தான், தேங்காய்க்குப் பின்னால் ஒதுங்கியதை, மாரிக்கனியின் சேலைக்கொசுவத்துக்குள் நுழைந்ததை வாலைப் பிடித்து இழுத்துப் போட்டு, பதினொன்றாவது வரைக்கும். அப்போது செவலைக்கோழி அவன் முகத்தில் பாய்ந்தது. பருந்தோடு மல்லுக்கட்டுகிற கோழி அது. வலது கண்ணுக்குக் கீழே சதையைப் பிய்த்து எடுத்தது, ரத்தம் சட்டையில் ஒழுகியது. அவன் அதன் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, கையை ஓங்கி, முற்றத்துக் கல்தூணில் அடித்தான். ஒரே அடியில் கோழி செத்துவிட்டது. அதன் பிறகும் இரண்டு அடி அடித்தான்.

மாரிக்கனி பார்த்துக்கொண்டிருந்தாள். பூணும் குஞ்சும் அவளுக்குத் தெரியாமலே போயிருக்கலாம், ஓங்கிய அந்தக் கை தெரிந்துவிட்டது. புதிதாக ஓங்குகிற கை தடுமாறும். இது தடுமாறவில்லை. அவள் எழுந்து, "மாமா, நான் இவருக்கு வாக்கப்பட மாட்டேன்" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் மாமாவைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

சங்கிலி மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். செத்த கோழியைப் பார்த்தார், பூணைப் பார்த்தார். "கோழிதான செத்துச்சு. கோவம் வராத ஆம்பள எவன் இருக்கான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அடுத்த வீட்டு இரும்ப அடைக்கு வைக்கக் கூடாதுங்கிறது நம்ம மொறை. மொறைய மீறிட்டு நீ ஒருத்தனக் குத்தஞ்சொல்ல வந்திருக்க. சரி, ஒன் வீட்டு இரும்ப வச்சு ஒரு அடை வையி. அந்தக் குஞ்சு ஒரு கொறையுமில்லாம வந்துச்சுன்னா நீ சொல்லுத வார்த்தைய ஊரு கேக்கும். வரலைன்னா வாயப் பொத்திக்கிட்டுப் பிள்ளைய அனுப்பு" என்றார்.

சுப்புக்காளை துண்டால் கண்ணுக்குக் கீழே அழுத்திக்கொண்டு சிரித்தான். "அவுகளுக்குப் பிடிச்ச இரும்ப வச்சிருவாக மாமா. கதவு நாதாங்கியக் கழட்டி வைக்கச் சொல்லுங்க. அந்த வீட்லயே பழைய இரும்பு அதுதான்."

நாதாங்கியை அவன் ஏன் கேட்கிறான் என்று முப்பிடாதி யோசித்தாள். அப்படியானால் அன்னக்கொடி அவனிடம் சொல்லியிருக்கிறாள், அல்லது அவன் அவளைச் சொல்லவைத்திருக்கிறான்.

மறுநாள் மாமாவே ஆளோடு வந்து நாதாங்கியைப் பெயர்த்து, மாற்றிவிடக் கூடாதென்று அரத்தால் இரண்டு கோடு கிழித்து, தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்தார். குருவம்மா தன் பொட்டுக்கோழியை அடைக்குக் கொடுத்தாள். பதின்மூன்று முட்டை. நாதாங்கி போன கதவுக்கு அன்றிலிருந்து உள்ளே அம்மிக் குழவியைத்தான் முட்டுக்கொடுத்தார்கள்.

அந்த இருபத்தோரு நாளும் முப்பிடாதி கோழியை விட்டு நகரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. ஏழாம் நாள் முட்டைகளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள், பதின்மூன்றிலும் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. தினமும் தனக்குத்தானே ஒன்றையே சொல்லிக்கொண்டாள்: நாதாங்கி யாரையும் அடிக்கவில்லை, நாதாங்கி யாரையும் சுடவில்லை, நாதாங்கி யார் மண்டையையும் உடைக்கவில்லை, அது சும்மா கொண்டியில் மாட்டிக்கொண்டு நின்றது, குஞ்சு முழுசாகத்தான் வரும். சொல்லச்சொல்ல நம்பிக்கை வந்தது. சொல்வதை நிறுத்தினால் போய்விட்டது.

இருபதாம் நாள் மத்தியானம் முட்டைக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்தில் மாரிக்கனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முப்பிடாதியால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"கனி, ஒரு விஷயம் ஒங்கிட்டச் சொல்லல. அவ செத்ததுக்கு முந்துன நாளு, மழைக்குள்ள, இங்க வந்தா."

மாரிக்கனி கீரையை உருவிக்கொண்டேயிருந்தாள்.

"கதவத் தட்டுனா. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒதடு கிழிஞ்சிருந்துச்சு. ஏற்கெனவே மூணு தடவ வந்துட்டா, மூணு தடவையும் கொண்டுபோயி விட்டேன். ஊரு என்ன சொல்லும், ஒனக்கு எவன் வருவான்னு நெனச்சேன். நாதாங்கியப் போட்டுட்டேன். 'போயிரு, நாளைக்குச் சரியாப் போவும்'னேன். மழ விடுத வரைக்கும் தட்டுனா கனி. மூணு தட்டுவா, கொஞ்சம் நிப்பா, மறுபடி மூணு. மழ விட்டதும் சத்தம் நின்னுபோச்சு."

கீரைக்காம்பைக் கீழே போட்டுவிட்டு மாரிக்கனி சொன்னாள், "எனக்குத் தெரியும்க்கா. நானும் உள்ளதான இருந்தேன். தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். நீ நாதாங்கியப் போட்ட. நான் எந்திரிச்சு எடுக்கல."

முட்டைக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை புறவாசல் நிறைய ஆள். சங்கிலி மாமாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது, சுப்புக்காளை வெள்ளை வேட்டியில் வந்திருந்தான், கண்ணுக்குக் கீழே புதுத் தழும்பு பளபளத்தது. இன்றோடு இந்தக் காரியம் முடிந்துவிடும், முடிந்த கையோடு நம் வீட்டு அடையையும் வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒன்பது பெண்கள் இடுப்பில் முட்டைப் பெட்டியும் கையில் தங்கள் வீட்டு இரும்புமாக வந்து வேலியோரம் நின்றார்கள். களைகொத்தி, எடைக்கல், கருக்கரிவாள், இரும்புக் கரண்டி, கொழு, இடுக்கி என்று கிணற்றுக்குப் போகாமல் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய இரும்பு. மாரிக்கனியை மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாதென்று வீட்டுக்குள் வைத்து, குழவியை முட்டுக்கொடுத்துப் புறவாசல் கதவைச் சாத்தியிருந்தது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. மாமா குனிந்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தலையைத் தடவி, இறக்கையை விரித்து, விரலை எண்ணிக் கீழே விட்டார். ஒரு கீறல் இல்லை. ஒரு தழும்பு இல்லை. பதின்மூன்றும் மஞ்சள் மஞ்சளாக முழுசாக இருந்தன. வேலியோரத்திலிருந்து பெருமூச்சு வந்தது. முப்பிடாதி சாமிக்கு நேர்ந்துகொள்ள வாயெடுத்தாள்.

ஈரம் உலர்ந்ததும் குஞ்சுகள் எழுந்தன. குருணையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்த தாயையும் பார்க்கவில்லை. பதின்மூன்றும் ஒரே பக்கமாகத் திரும்பி, தட்டுத்தடுமாறி நடந்து, சாத்திய கதவுக்கு முன்னால் வரிசையாகப் போய் நின்றன. மூன்று தரம் கொத்தின. கொஞ்சம் நின்றன. மறுபடி மூன்று தரம். பிறந்து நாழிகைகூட ஆகாத அலகு, மரத்தில் கொத்தக்கொத்த நுனி சிதைந்து ரத்தம் வந்தது. அவை நிறுத்தவில்லை. கதவின் அடியில் சின்னச்சின்னச் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக விழுந்தன. யாருக்கும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புறவாசலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, மழையில் நின்று தட்டியது யார், உள்ளே இருந்தது யார் என்று.

சுப்புக்காளை வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியளா மாமா. அவுக தொறந்திருந்தா அவ அன்னைக்கு வீட்டுக்கே வந்திருக்க மாட்டா, எங் கையில அகப்பட்டிருக்கவும் மாட்டா." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்கும். மாமா அதைக் கேட்காதவர் மாதிரி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கொறை இருக்கு. அடை தோத்துட்டு. பிள்ளைய அனுப்புத்தா" என்றார்.

உள்ளே குழவி உருளுகிற சத்தம் கேட்டது. மாரிக்கனி கதவைத் திறந்தாள். குஞ்சுகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயின. அவள் குனிந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "நான் வரல" என்று மட்டும் சொன்னாள். சுப்புக்காளை போய் அவள் சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தான், இழுத்த வேகத்தில் அவள் படியில் விழுந்தாள், அவன் வலது கை மேலே போனது, தடுமாறாமல்.

முப்பிடாதி பெட்டிக்குள்ளிருந்து நாதாங்கியை எடுத்தாள். தவிட்டுச் சூட்டில் அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மழை நேரம் முழுக்க அசையாமல் நின்ற இரும்பு அது, இப்போது அசைந்தது. முதல் அடி அவன் முழங்கையில் விழுந்து, ஓங்கிய கை ஓங்கினபடியே ஒடிந்து தொங்கியது. அவன் திரும்பி, "மதினி" என்றான், வாய் கொள்ளாத ஆச்சரியத்தோடு. இரண்டாவது அடி வாயில். குருவம்மா முட்டைப் பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள், ஒரு முட்டைகூட உருளவில்லை, எடைக்கல்லோடு நடந்து வந்தாள். டீக்கடைக்காரர் மருமகள் களைகொத்தியை நசுங்கிய விரலுள்ள கையால்தான் பிடித்திருந்தாள். ஒன்பது பேரும் பெட்டியை இறக்கிவிட்டு வந்தார்கள். கூச்சல் இல்லை. களத்தில் கதிர் அடிப்பது போல ஒருத்தி மாற்றி ஒருத்தி, முறை வைத்து, அவரவர் வீட்டில் அவரவர் வாங்கியதையெல்லாம் இறக்கினார்கள், அவன் ஊர்ந்து துவைகல் பக்கம் போனான், அங்கேயும் வந்தார்கள். மாரிக்கனி சடையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்தாள், முகத்தைத் திருப்பவில்லை. அவன் செத்த பிறகும் இரண்டு அடி விழுந்தது. அது எவள் அடித்தது என்று முப்பிடாதி கவனிக்கவில்லை.

ஆண்கள் யாரும் குறுக்கே வரவில்லை. கிணறு சிவந்ததிலிருந்தே அவர்களுக்குக் கால் வலுவிழந்துபோயிருந்தது. சங்கிலி மாமா நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் துவைகல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஈரக்கல்லு. வழுக்கியிருக்கும்" என்றார். போலீஸ் வந்து கேட்டபோது தெருவே அதைத்தான் சொன்னது, அதே இரண்டு வார்த்தை, புரட்டாசியில் சுப்புக்காளை சொன்னது போலவே, குரலை உயர்த்தாமல்.

அதற்கு முன்னால், அன்று வெயில் சாயுமுன், முப்பிடாதி கையைக் கழுவிவிட்டு வந்து ஒன்பது பெட்டியிலும் முட்டைகளை ஒற்றைப்படையில் அடுக்கினாள், கரியும் வத்தலும் வைத்தாள், ஒவ்வொருத்தியும் தன் இரும்பைச் சேலையில் துடைத்துத் தன் கையாலேயே செருகினாள். மார்கழிக் கடைசியில் ஒன்பது வீட்டிலும் அடை பொரித்தது. ஒரு வீட்டில் குஞ்சுக்கெல்லாம் விலா ஒடிந்திருந்தது, ஒரு வீட்டில் தாடை, ஒரு வீட்டில் கழுத்தெலும்பு, ஒரு வீட்டில் வலது கண்ணுக்குக் கீழே தழும்பைப் பிளந்துகொண்டு ஒரு வெட்டு. ஒன்பது வீட்டுக் குஞ்சுகளையும் ஒரே பாயில் விட்டிருந்தால் முழு ஆளும் தெரிந்திருப்பான். கம்பவுண்டர் வந்து சத்துக் குறைச்சல் என்றார். பெண்கள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, வேளாவேளைக்குக் குருணை போட்டு, அந்தக் குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளாங்கரிசலில் எந்த வீட்டு அடையும் ஊனமாகப் பொரிக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரும் தெளிந்துவிட்டது.

நாதாங்கியை முப்பிடாதி அன்னக்கொடியைப் புதைத்த இடத்தில் கொண்டுபோய்ப் புதைத்தாள். கதவுக்கு வேறு போடவில்லை. அந்தப் பதின்மூன்றும் வளர்ந்து, பெட்டையாகிச் சேவலாகி, முட்டையிட்டுக் கூவி ஊர் சுற்றுகின்றன, அலகு மட்டும் எல்லாவற்றுக்கும் நுனி மழுங்கித்தான் இருக்கிறது. வானம் கறுத்து முதல் தூறல் விழுந்தால் எங்கே மேய்ந்தாலும் ஓடி வந்துவிடும். கதவு திறந்துதான் கிடக்கும். ஆனாலும் உள்ளே வராமல், திறந்த கதவின் பலகையில் மூன்று தரம் கொத்திவிட்டு நிற்கும். முப்பிடாதி செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று எழுந்து வாசலுக்குப் போவாள்.

"வா தாயி, உள்ள வா" என்பாள், ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு கோழியிடமும் தனித்தனியாக, பதின்மூன்று முறை. அதற்கப்புறம்தான் அவை உள்ளே வரும்.